பீங்கானின் பூர்வோத்தரம்

மனிதனைக் கண்டவுடன் அவனது ஊரையும் குலத்தையும் விசாரிக்கும் வழக்கம் நம்மவரிடத்தே இன்னும் ஒழிந்தபாடில்லை. ஆனால், நாள்தோறும் நாம் வாயில் வைத்து வழங்கும் சொற்களை, "நீ எவ்விடத்தவன்? உன் பூர்வோத்தரம் யாது?" என்று நாம் ஒருபோதும் கேட்டதில்லை. கேட்டிருப்போமாயின், நம் அடுக்களைச் சாமான்களிற் பாதியைப் பெயரின்றி விட்டுவைக்க நேர்ந்திருக்கும். அவ்வாறு யாதொரு விசாரணையுமின்றி வீட்டினுள் விடப்பட்ட ஒரு சொல்லின் சரித்திரத்தை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அச்சொல் 'பீங்கான்' என்பது.

நான் கிள்ளானை அடுத்த தோட்டமொன்றிலே கிராணி வேலை பார்ப்பவன். ஆங்கில வழியிற் கற்றவன். தமிழ் நூல்களைப் பிற்காலத்திலேயே முயன்று படித்தவன். பள்ளியில் எனக்கு இப்பொருளின் பெயர் 'சைனா' என்றும் 'போர்சலின்' என்றும் கற்பிக்கப்பட்டது. 'பீங்கான்' என்பது என் பாட்டியாரும் லயத்துச் சனங்களும் வழங்கும் கொச்சை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தைப் போக்கியது பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த சிறு சம்பவமாகும்.

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரே மண்ணைச் சுட்டுப் பொருள் செய்யும் தொழிலால் வந்தது. 1881-ஆம் ஆண்டிலே தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. அதன்பின், அத்தாப்புக் கூரை வீடுகளை ஒழித்துச் செங்கல்லாற் கட்டவேண்டுமென்று ரெசிடெண்டு ஸ்வெட்டன்ஹாம் வற்புறுத்தினார். அதற்கு வேண்டிய செங்கற்சூளைகள் இப்பகுதியில் எழுந்தன. பிற்காலத்திற் சீனர் தலைவராக விளங்கிய காப்பித்தான் யாப் குவான் செங்கும் இத்தொழிலில் முன்னின்றவர். சூளைகளுக்குப் பின்னர் ரயில்வே வந்தது. ரயில்வேயோடு யாழ்ப்பாணத் தமிழர் வந்தனர். சிங்களவரும் வந்து 1894-இல் தங்கள் பௌத்த விகாரைக்கு அடிகோலினர்.

அவ்விடத்தே என் நண்பரொருவர் இருக்கிறார். அவருடைய பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்தவர். அவ்வீட்டு மாடியறையில் ஈரான் தேசத்து மாணவரொருவர் வாடகைக்குத் தங்கியிருந்தார். அன்று எங்கள் இருவர்க்கும் அங்கே விருந்து. நண்பரின் தாயார் சோற்றுச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, உந்தப் பீங்கானை ஒருக்கா எடுத்துத் தாரும்" என்றார். நான் அலமாரியிலிருந்த நீலப்பூப் போட்ட தேநீர்க் குவளையை எடுத்து நீட்டினேன். அம்மையார் சிரித்துவிட்டார். "இதையோ கேட்டனான்? சோறு போடுற பீங்கான், தம்பி!" என்றார். எங்கள் தோட்டத்திலே பீங்கான் என்றால் அந்த வெண்மையான பொருளாற் செய்த எதுவும் ஆகும். யாழ்ப்பாணத்தார்க்கோ அஃது உண்கலமாகிய தட்டு. அப்போதுதான் மலாய்க்காரரும் தட்டைப் 'பிங்கான்' என்றே சொல்லுகின்றனர் என்பது என் நினைவில் உறைத்தது. பிறந்தது முதல் இரண்டு சொற்களையும் கேட்டு வந்திருந்தும், ஒன்றை ஒன்றோடு சேர்த்துப் பார்க்க அன்று வரை எனக்குத் தோன்றவில்லை!

நாங்கள் அச்சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லக் கேட்ட ஈரானிய மாணவர், அதன் பொருள் யாதென வினவினார். சொன்னோம். அவர் என் கையிலிருந்த குவளையைச் சுட்டி, "எங்கள் நாட்டில் இதற்குப் பெஞ்சான் என்று பெயர். அதன் பழைய உருவம் பெங்கான்" என்றார். "விகாரைக்குப் பக்கத்துச் சிங்கள வீடுகளிலும் சாப்பாட்டுத் தட்டைப் பிங்கான என்றுதான் சொல்லுகினம்" என்று நண்பரின் தாயார் கூறி முடித்தார். ஒரு மேசையைச் சுற்றி நான்கு பாஷைகளின் சங்கதி வெளிப்பட்டுவிட்டது.

வீடு திரும்பி அகராதிகளைப் புரட்டியபோது அம்மாணவர் கூறியது மெய்யென்று கண்டேன். பெங்கான் என்பது பாரசீகத்திலே கிண்ணத்தைக் குறிக்கும் பழஞ்சொல். அதனை அராபியர் எடுத்துக்கொண்டனர். அராபிய பாஷையிலே நமது பகர ஒலியும் ககரத்தின் மெலிந்த ஒலியும் இல்லை; ஆகவே அவர்கள் நாவில் அது 'பிஞ்சான்' எனத் திரிந்து, காப்பி அருந்தும் சிறு குவளைக்குப் பெயராயிற்று. துருக்கியரும் அவ்வாறே வழங்கினர். பின்னர் அத்திரிந்த சொல் பாரசீகத்துக்கே திரும்பிவந்து, தன் தாய்வீட்டிலே புதிய விருந்தாளிபோல் அமர்ந்துகொண்டது. ஈரானியர் இன்று தேநீர்க் குவளைக்குச் சொல்லும் 'பெஞ்சான்' இதுவே. கிழக்கே வந்த பழைய உருவமோ மலாயிலும் சிங்களத்திலும் ஈழத் தமிழிலும் தட்டாயிற்று. தமிழ்நாட்டிலும் நம் தோட்டங்களிலும் அப்பாத்திரத்தின் மூலப்பொருளுக்கே பெயராயிற்று. மேற்கே போனது குவளை, கிழக்கே வந்தது தட்டு, சொல் ஒன்றே.

பாரசீகத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இரண்டு வாயில்களாலே ஏற்பட்டது. ஒன்று கடல்வாயில், மற்றொன்று அரண்மனை வாயில்.

கடல்வாயிலை முதலில் நோக்குவோம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பாண்டிய நாட்டை அராபியரும் பாரசீகரும் 'மாபார்' என்றழைத்தனர். பாண்டியர் குதிரைப் படைக்குக் குதிரைகள் பாரசீக வளைகுடாவிலிருந்து மரக்கலங்களில் வந்தன. கீஷ் தீவை ஆண்ட ஜமாலுத்தீன் என்பார் ஆண்டொன்றுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப உடன்பட்டிருந்தார் என்றும், அவருடைய சகோதரர் தகியுத்தீன் பாண்டியனிடத்தே மந்திரியாக இருந்தார் என்றும் பாரசீகச் சரித்திராசிரியர் வஸ்ஸாப் எழுதிவைத்திருக்கின்றார். அதே காலத்திலே கிழக்கிலிருந்து சீனத்துக் கலங்கள் வந்தன. இராமநாதபுரத்துக்கு அருகிலுள்ள பெரியபட்டினத்தை 1987-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. மேற்கிலிருந்து குதிரையும் கிழக்கிலிருந்து பீங்கானும் வந்திறங்கிய துறைகளில் நின்று கூலி பேசியவனும், மூட்டை சுமந்தவனும், கணக்கு எழுதியவனும் தமிழனே.

அரண்மனை வாயில் பிற்காலத்தது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலே முகலாயர் ஆட்சி தெற்கே பரவி, ஆர்க்காட்டு நவாபுகள் தோன்றியபோது, பாரசீகம் அவர்கள் தர்பாரின் பாஷையாயிற்று. அவ்வழியே வந்த சொற்களை இன்று நீக்கிப் பேசுவது எளிதன்று. கடையிலே நிறுக்கும் தராசு, பிரயாணத்துக்கு நீர் கொண்டுபோகும் கூஜா, தோளிற் போடும் சால்வை, தலையில் வைக்கும் குல்லா யாவும் பாரசீகம். நான் நாள்தோறும் எழுதும் ரசீது பாரசீகம். மாத முடிவிற் போடும் சராசரி பாரசீகம். வேலை தேடி வருவோர் கொண்டுவரும் சிபாரிசும் பாரசீகமே. எங்கள் தோட்டத்திலே என்னைக் கிராணி என்பார்கள். தமிழ்நாட்டில் இதே உத்தியோகத்துக்குக் 'குமாஸ்தா' என்று பெயர் வழங்கிற்று. அதுவும் பாரசீகம்! சொல்லின் குலத்தை விசாரிக்கப் புகுந்தவன், தன் நாற்காலியைத் தானே இழக்க வேண்டியதாயிற்று.

மலாய் நாட்டுக்கு வருவோம். மலாக்காத் துறைமுகத்திலே அயல்நாட்டு வணிகரை மேற்பார்க்க நான்கு அதிகாரிகள் இருந்தனர் என்று, 1511-இற் போர்த்துக்கேசியர் அதைக் கைப்பற்றியபின் அங்கு வந்து தங்கிய தோமே பீரேஸ் எழுதியிருக்கிறார். அவர்களில் ஒருவர் நம்மவரையும் வங்காளத்தாரையும் கவனித்தவர். அவ்வதிகாரியின் பட்டம் 'ஷாபந்தர்'. துறைமுகத் தலைவன் என்று பொருள்படும் பாரசீகச் சொல். அத்துறையில் 84 பாஷைகள் பேசப்பட்டன என்றும் அவர் சொல்லுகிறார். மலாய்க்காரர் சந்தையைக் குறிக்கும் 'பாசார்' நமது பஜாரே. அவர்கள் வணிகரைக் குறிக்கும் 'சவுடாகர்' என்பதும் பாரசீகமே. நாமும் வெறுங்கையோடு நின்றோமில்லை. நமது கப்பல் அவர்கட்குக் 'காப்பால்' ஆயிற்று. கடை 'கெடாய்' ஆயிற்று. பெட்டி 'பெத்தி' ஆயிற்று.

பீங்கானோடு கூடிப் பிரயாணம் செய்த மற்றொரு சொல்லையும் இங்கே குறிப்பிடல் தகும். உணவு பரிமாற விரிக்கும் விரிப்பைப் பாரசீகர் 'கந்தூரி' என்றனர். அவ்விரிப்பின் பெயர் அதன்மேல் நடக்கும் விருந்துக்கும் ஆகிவந்தது. நாகூரிலே ஷாகுல் ஹமீது ஆண்டவரின் கந்தூரி விழாவுக்கு முஸ்லிம்களோடு இந்துக்களும் திரண்டு செல்வதை அறியாதார் யார்? மலாய் வீடுகளிலே கலியாணமானாலும், புதுமனை புகுதலானாலும், இறந்தாரை நினைந்து சோறிடுவதானாலும், அவ்விருந்துக்குக் 'கெண்டுரி' என்று பெயர். விரிப்பும் பாரசீகம், அதன்மேல் வைக்கும் தட்டும் பாரசீகம். இரண்டும் நாகூருக்கும் கிள்ளானுக்கும் பொதுச்சொத்தாய்விட்டன.

இனிப் பொருளைக் கவனிப்போம். அதைக் கண்டுபிடித்தவர் சீனர். ஆங்கிலேயர் அதைச் சீனதேசத்தின் பெயராலேயே 'சைனா' என்றனர். பாரசீகரும் அவ்வாறே அதைச் 'சீனி' என்றனர். 'போர்சலின்' என்பதோ இத்தாலியர் சோழிக்கு இட்ட பெயரிலிருந்து வந்தது. பளபளப்பு ஒத்திருந்தமையால் அப்பெயர் ஏறிற்று. ஆகவே, நான் நாகரிகச் சொல்லென்று கருதியதன் மூலம் சோழி. கொச்சையென்று கருதியதன் மூலம் பாரசீகத்தின் பழங்கிண்ணம். பட்டிக்காட்டுச் சொல்லென்று எதையும் இகழ்வதற்கு முன், அதனைச் சற்றே விசாரித்துப் பார்த்தல் நலம்.

நம் தோட்டத்துச் சனங்களுக்குப் பீங்கான் அலங்காரப் பொருளாய் இருந்ததில்லை. ரப்பர் மரத்திலே பால் வடியக் கட்டிய மங்கு பலவிடங்களிற் பீங்கானாலானது. கண்ணாடி மங்கும் மண் மங்கும் உண்டு. ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் சீனக் குயவரின் சூளைகள் அம்மங்குகளை ஆயிரக்கணக்கிற் சுட்டுத் தள்ளின. விடியுமுன் எழுந்து மரம் சீவிய தாய்க்கு உதவியாக, மங்கு துடைத்து வைத்த சிறுவர் எத்தனை பேர்! என் தகப்பனாரும் அவர்களில் ஒருவர். சிலாங்கூரிலே இன்று ரப்பர் பெரும்பாலும் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆயினும், செம்பனைக் காட்டிலே மண்ணைக் கிளறும்போது இன்றும் அவ்வெள்ளை மங்கின் ஓடு அகப்படுகிறது. பெரியபட்டினத்து ஓட்டுக்கு அகழ்வாராய்ச்சியாளர் உண்டு. இவ்வோட்டை எடுத்துக் கழுவி வைப்பார் இல்லை.

பாரசீக நாட்டிலே பெங்கானுக்கு வேறொரு பணியும் இருந்தது. அத்தேசம் வறண்டது. மலையடியிலிருந்து நிலத்தினுள்ளே நெடுந்தூரம் சுரங்கம் வெட்டி நீரைக் கொணர்ந்தனர். அந்நீரைக் குடியானவர்களுக்குப் பங்கிட்டாக வேண்டும். அதற்கு ஒரு பெரிய பாத்திரத்தில் நீர் நிரப்பி, அடியிலே சிறு துளையுள்ள செம்புக் கிண்ணமொன்றை அதன்மேல் மிதக்கவிட்டனர். துளைவழி நீர் ஏறிக் கிண்ணம் மூழ்கினால் ஒரு கணக்கு. அக்கிண்ணமே பெங்கான். ஒருவனுக்கு இத்தனை பெங்கான் என்று முறை வைத்து, முறை முடிந்ததும் வாய்க்காலை அடுத்தவன் வயலுக்குத் திருப்பினர். கிண்ணத்தருகே பொறுப்பாளர் ஒருவர் இரவும் பகலும் அமர்ந்து, கூழாங்கற்களை வைத்து எண்ணிக்கொண்டிருப்பார். இயந்திரக் கடிகாரம் வந்த பின்னரே இவ்வழக்கம் மறைந்தது.

இதைப் படித்தபோது எனக்கு வியப்பு உண்டாயிற்று. ஏனெனில், நம் முன்னோரும் இதையே செய்தனர். துளையுள்ள வட்டிலை நீரில் இட்டு நாழிகை அளந்தனர். ஒரு நாழிகை 24 நிமிஷம். சங்க நூலாகிய முல்லைப்பாட்டிலும் பொழுதளக்கும் நீர்க்கன்னல் பேசப்படுகிறது. 'நாழிகை வட்டில்' என்பது அக்கருவியின் பெயர். வட்டில் என்பதோ நாம் உண்ணும் கலம். பாரசீகனுக்கும் தமிழனுக்கும் உண்ணும் பாத்திரமே காலத்தையும் அளந்து கொடுத்திருக்கிறது. அங்கே அது நீரையும் பங்கிட்டது. பங்கீட்டுக்குக் கருவியாய் இருந்த அப்பாத்திரம் நம் கைக்கு வந்தபின் என்ன ஆயிற்று?

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கிறது. ஆயினும் சொல்லத்தான் வேண்டும். என் பாட்டியார் வீட்டின் பின்தாழ்வாரத்திலே, இறவாணத்தில் ஒரு தட்டு செருகப்பட்டிருக்கும். விளிம்பு உடைந்த பீங்கான் தட்டு. கால்வாய் கூட்ட வருபவருக்கு அதிலேதான் சோறு. உள்ளே இருந்தவை பித்தளையும் எவர்சில்வரும். மண்பாத்திரம் தீட்டை உறிஞ்சிக்கொள்ளும், உலோகத்தைத் துலக்கிச் சுத்தி செய்யலாம் என்பது பழைய வைதிகர் கொள்கை. பீங்கானும் மண்ணே ஆனமையால், ஆசாரமுள்ள வீடுகள் அதனைச் சமையற்கட்டிலே சேர்த்ததில்லை. சேர்க்கத் தகாதவரென்று தாம் கருதியவர்க்கு அதனை ஒதுக்கி வைத்தன. நான் ஆறு வயதில் அத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். பாட்டியார் பதறி, "அய்யய்யோ, அத உள்ள கொண்டாராதடா ராசா, அது வெளி ஏனம்!" என்று கூவினார். அவர் கொடியவர் அல்லர். அத்தட்டு நிறையச் சோறும் குழம்பும் போடுவார். உண்பவரின் பிள்ளைகளைப் பற்றி அன்போடு விசாரிப்பார். ஆனால், தட்டுமட்டும் வெளியே.

தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் நடந்துவந்த இரட்டைக் குவளை வழக்கத்தை நாம் பத்திரிகைகளிற் படித்து, "என்ன அநியாயம்!" என்று சொல்லியிருக்கிறோம். கடல் கடந்து வந்த நாம் அக்குவளையை மூட்டையிற் கட்டிக்கொண்டே வந்தோம் என்பதை மறந்துவிட்டோம். பாரசீகச் சொல்லை நாவிலே ஏற்றிக்கொண்டோம். சீனன் சுட்ட மண்ணை வீட்டில் வாங்கி வைத்தோம். நம் பாஷை பேசி, நம்முடன் ஒரே கப்பலில் வந்தவன் கையை மாத்திரம் நம் பாத்திரத்திற் படவொட்டாமல் தடுத்தோம். இதனினும் பெரிய அறியாமை வேறு உளதோ?

அந்நியச் சொல் ஆதலாற் பீங்கானை விலக்கி வேறு சொல் ஆக்கவேண்டும் என்பாரும் உளர். மறைமலையடிகள் 1916-இற் தொடங்கிய தனித்தமிழ் முயற்சி நம் உரைநடைக்குச் செய்த நன்மை பெரிது. நல்ல தமிழ்ச் சொல் இருக்க அதனைத் தள்ளிவிட்டுப் பிறமொழிச் சொல்லைத் தூக்குதல் அடிமைப் புத்தி என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் பீங்கான், பொருளோடு வந்த பெயர். யாருடைய இடத்தையும் பறித்துக்கொள்ளவில்லை. வட்டில் வட்டிலாகவே இருக்கிறது. விலக்கவேண்டியது வீட்டில் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அஃது இறவாணத்திற் செருகிய வழக்கம்.

அவ்வழக்கம் பாட்டியாரோடு ஒழிந்தது என்று நானும் நம்பியிருந்தேன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து திரும்பிய மறுநாட் காலை, எங்கள் காரியாலயத்துத் தேநீர் அறைக்குப் போனேன். அலமாரியில் ஆறு பீங்கான் குவளைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன, அவை உத்தியோகஸ்தர்க்கு. வெளியே குழாயடியிலே, ஆணியில் நான்கு பிளாஸ்டிக் குவளைகள் தொங்கின. அவை குலை வெட்ட வந்திருக்கும் வங்காளதேசத்தார்க்கும் இந்தோனேசியர்க்கும் நேபாளத்தார்க்கும். அவ்வாறு செய்யும்படி எனக்கு எவரும் கட்டளையிடவில்லை. நானே கிள்ளானில் வாங்கினேன். ரசீதும் கோப்பில் இருக்கிறது. வாங்கியபோது அதை ஒரு தவறென்றே நான் உணரவில்லை. பாட்டியாரும் உணர்ந்திருக்க மாட்டார்.

அன்றே அந்நான்கையும் எடுத்துவிட்டு, வேறு பீங்கான் குவளைகள் வாங்கி ஒரே தட்டில் அடுக்கினேன். சக உத்தியோகஸ்தர் ஒருவர், "உடைத்துவிடுவார்கள்" என்றார். உடைந்தால் என் கணக்கு என்றேன். சம்பள நாளிலே வங்காளதேசத்து முதியவரொருவர் தேநீர் வாங்க வந்து, குழாயடிக்குப் போய்ப் பழைய ஆணியைப் பார்த்து நின்றார். உள்ளே அழைத்துக் குவளையை நீட்டியபோது சிறிது தயங்கியே வாங்கினார். "உங்கள் பாஷையில் இதற்குப் பெயர் என்ன?" என்று மலாயிலே கேட்டேன். "பெயாலா" என்றார். அதுவும் பாரசீகச் சொல்லே; மலாயில் 'பியாலா' என்று வழங்குவது.

அன்பர்களே! உங்கள் வீட்டிலும் கடையிலும் காரியாலயத்திலும் உள்ள பாத்திரங்களை இன்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தனியே தொங்குவது ஒன்று இருக்குமாயின், அது யாருக்கென்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். பின்னர் அதைக் கழுவி உள்ளே கொண்டுவந்து, மற்றவற்றோடு சேர்த்து அடுக்கிவிடுங்கள்.